ஏழு இரவு, 60,000 ரூபாய், இருவர்: அந்தமானில் எத்தனை தீவு பார்க்கலாம்?

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி எட்டு மாதம் ஆகிறது. பிப்ரவரியில் ஏழு இரவு அந்தமான் போக ஆசை. ஈரோட்டிலிருந்து போய் வர, எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய்தான் கையில் இருக்கிறது. ஏஜெண்ட் ஒருவர் போர்ட் பிளேர், ராஸ், நார்த் பே, ஹேவ்லாக், நீல், பாராடாங் என்று ஆறு இடத்துக்கு 92,000 கேட்கிறார். நாங்களே புக் செய்தால் அடங்குமா? அரசுக் கப்பலா, தனியார் கப்பலா? என் மனைவிக்குப் பேருந்தில் போனாலே வாந்தி வரும். இருவருக்கும் நீச்சல் தெரியாது, ஆனாலும் ஸ்கூபா (காற்று உருளை மாட்டிக் கடலுக்கடியில் இறங்குவது) ஆசை இருக்கிறது. முதலில் எதை புக் செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

அடங்கும். ஆனால் ஆறு இடம் அடங்காது. போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். ராஸ் தீவு போர்ட் பிளேரிலிருந்து அரை நாள் வேலை, அதுவும் இருக்கட்டும். நார்த் பேயையும் பாராடாங்கையும் எடுத்துவிடுங்கள்.

தீவுப் பயணத்தில் பணத்தைத் தின்பது அறையோ சாப்பாடோ அல்ல, இடம் மாறுவதுதான். ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் இரண்டு கப்பல் டிக்கெட், இந்த ஜெட்டிக்கு (கப்பலில் ஏறி இறங்கும் துறை) ஒரு ஆட்டோ, அந்த ஜெட்டியிலிருந்து ஒரு ஆட்டோ, வழியில் சாப்பாடு என்று இருவருக்கும் மூவாயிரம் ரூபாய் சுலபமாகப் போய்விடும். அதோடு அரை நாளும் போகும். காலையில் அறையைக் காலி செய்து, கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம் முன்னதாக ஜெட்டியில் நின்று, இறங்கி, அடுத்த அறை திறக்கும்வரை பையோடு உட்கார்ந்திருப்பீர்கள். ஏழு இரவில் இதை மூன்று முறை செய்யலாம். அதற்கு மேல் போனால் நீங்கள் பார்ப்பது கடற்கரையை அல்ல, ஜெட்டியைத்தான்.

பாராடாங்கை எடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே போகும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டுக்குள் போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் விடிவதற்கு முன்பே வரிசையில் நின்று, போலீஸ் பாதுகாப்போடு வாகன அணியாகப் போக வேண்டும். வழியில் நிறுத்தவோ, அவர்களைப் படமெடுக்கவோ, எதையாவது கொடுக்கவோ கூடாது, சட்டப்படி குற்றம். ஒரு முழு நாளும் ஒரு வாகன வாடகையும் அதற்குப் போகும். அவர்கள் வீட்டு வாசல் வழியாக ஊர்வலம் போவது போன்ற அந்தப் பயணத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

பெயர்களில் குழம்பாதீர்கள். 2018 டிசம்பரிலிருந்து ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் தீவு, நீலுக்கு ஷஹீத் தீவு, ராஸுக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர். போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ஊரில் எல்லோரும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். டிக்கெட்டிலும் இணையதளத்திலும் புதுப் பெயர் வரும். கப்பல் பட்டியலில் ஹேவ்லாக் இல்லையே என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

நாட்களை இப்படிப் பிரியுங்கள். முதல் இரவு போர்ட் பிளேர், அடுத்த மூன்று இரவு ஹேவ்லாக், அதன்பின் இரண்டு இரவு நீல், கடைசி இரவு மறுபடி போர்ட் பிளேர். அந்தக் கடைசி இரவை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். நீலிலிருந்து காலைக் கப்பலில் வந்து அன்றே விமானம் பிடிக்கலாம் என்று சிலர் திட்டம் போடுகிறார்கள். கடல் கொந்தளித்தாலோ எஞ்சின் கோளாறு வந்தாலோ கப்பல் ரத்தாகும், விமானம் காத்திருக்காது. 2016 டிசம்பர் முதல் வாரத்தில் புயல் சின்னத்தால் ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டு வந்தன. பிப்ரவரியில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், அப்படி நடக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் ஒரு கப்பல் ரத்தானால் அடுத்ததைப் பிடிக்க இடம் இருக்க வேண்டும். ராஸ் தீவையும் நீலிலிருந்து திரும்பும் நாளில் வையுங்கள், காரணம் இதுதான். கப்பல் சரியாக வந்தால் ராஸ் பார்ப்பீர்கள், வராவிட்டால் ராஸை மட்டும் இழப்பீர்கள்.

இப்போது கணக்கு. ரயில், மெட்ரோ எல்லாம் சேர்த்து 2,000. சென்னையிலிருந்து போய்வர இருவருக்கும் விமானம் 24,000 என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு மூன்று மாதம் முன்பே எடுத்தால் இந்தத் தொகைக்கு அருகில் கிடைக்கும், வார இறுதியைத் தவிர்த்தால் இன்னும் நல்லது. அறை ஏழு இரவுக்கு 1,500 வீதம் 10,500. கப்பல் மூன்றும் தனியார் என்றே 8,000 ஒதுக்குங்கள். சாப்பாடு நாளுக்கு ஆயிரம் வீதம் ஏழரை நாளுக்கு 7,500. ஹேவ்லாக்கில் மூன்று நாள் ஸ்கூட்டர், நீலில் சைக்கிள், பெட்ரோல் சேர்த்து 2,500. ஆட்டோ, ராஸ் படகு, நுழைவுக் கட்டணங்கள் 2,500. ஆக 57,000. கையில் நிற்பது 3,000. எல்லாம் தோராயம்தான், விமானக் கட்டணம் ஒன்றே நாலாயிரம் மேலே கீழே போகும். அதனால் அதை உறுதி செய்த பிறகுதான் மற்றதற்குப் பணம் கட்ட வேண்டும்.

சென்னையில் ஒரு சிறு விஷயம். ஈரோட்டிலிருந்து இரவு ரயிலில் வந்தால் சென்ட்ரலில் இருந்து விமான நிலையத்துக்கு நேராக மெட்ரோ இருக்கிறது, ஆட்டோவுக்குப் பணம் கொட்ட வேண்டாம். ஆனால் ரயில் தாமதமாகலாம். காலை 9 மணிக்குப் பிறகு கிளம்பும் விமானமாகப் பாருங்கள். பறக்கும் நேரம் இரண்டே கால் மணி அளவுதான். மதியம் இறங்கி, மாலைக்குள் செல்லுலார் சிறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒலி ஒளிக் காட்சிக்கும் இருந்துவிடலாம். இறங்கிய அன்றே ஹேவ்லாக் கப்பலுக்கு டிக்கெட் போடாதீர்கள். விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் தனியார் கப்பல் டிக்கெட் பணம் போனதுதான்.

இனி அரசா, தனியாரா என்ற கேள்வி. அரசுக் கப்பல்கள் போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து கிளம்பும். தனியார் கப்பல்கள் ஹாடோ துறையிலிருந்து. இரண்டும் வேறு வேறு இடம், ஆட்டோக்காரரிடம் எந்தக் கப்பல் என்று சொல்லி ஏறுங்கள். ஹேவ்லாக்குக்குத் தனியார் கப்பல் ஒன்றரை மணி நேரத்தில் போகும், அரசுக் கப்பலுக்கு இரண்டு, இரண்டரை மணி ஆகும். அரசுக் கப்பலின் கட்டணம் தனியார் கட்டணத்தில் பாதிக்கும் குறைவு. பிறகு ஏன் எல்லோரும் அரசுக் கப்பலில் போவதில்லை? இடம் கிடைப்பது உறுதியில்லை. அது தீவு மக்களின் பேருந்து போன்றது. ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் அவர்கள் அதில்தான் போக வேண்டும், அவர்களுக்கே முன்னுரிமை. அது நியாயமும்கூட.

ஆனால் வாந்தி விஷயத்தில் அரசுக் கப்பல் உங்கள் மனைவிக்கு நல்லது. தனியார் அதிவேகக் கப்பல்களில் பெரும்பாலும் ஏசி போட்ட மூடிய அறைக்குள் இருக்கையில் உட்கார்ந்தே வர வேண்டும். காது ஆட்டத்தை உணர்கிறது, கண் அசையாத சுவரைப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததுதான் குமட்டலுக்குக் காரணம். அரசுக் கப்பலில் மேல்தளத்துக்கு வந்து காற்று வாங்கிக்கொண்டு தொடுவானத்தைப் பார்க்கலாம். தனியாரில் போக நேர்ந்தால் கீழ்த்தளத்தில், நடுவிலிருந்து சற்றுப் பின்னால் இருக்கை கேளுங்கள். முன்பகுதிதான் தூக்கித் தூக்கிப் போடும். அவோமின் போன்ற மாத்திரையைக் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். ஆட ஆரம்பித்த பிறகு போட்டால் அது வயிற்றில் தங்காமல் வெளியே வந்துவிடும். தூக்கம் வரும், அன்று அவர் ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது. கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையும் வேண்டாம். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பூரியும் கூடாது. இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ போதும். கப்பலில் போனைப் பார்க்கவே வேண்டாம்.

என் யோசனை இது. ஹேவ்லாக்கிலிருந்து நீலுக்குப் போகும் கப்பலைத் தனியாரில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். அந்தத் தடத்தில்தான் நேரங்கள் குறைவு, அது தவறினால் உங்கள் முழுத் திட்டமும் சரியும். மற்ற இரண்டையும் அரசுக் கப்பல் துறையின் இணையதளத்தில் தேடுங்கள். கிடைத்தால் மூவாயிரம் ரூபாய் அளவுக்கு மிச்சம். பயணத்துக்கு ஒரு வாரம் முன்புவரை கிடைக்காவிட்டால் தனியாரை எடுத்துவிடுங்கள், அதற்கு மேல் காத்திருந்தால் விலை உயர்ந்த இருக்கைதான் மிஞ்சும். டிக்கெட்டில் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். திருமணத்துக்குப் பின் மனைவியின் பெயரில் இனிஷியல் மாறியிருந்தால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போடுங்கள். அசல் அட்டை கையில் வேண்டும்.

ஹேவ்லாக்கில் கடற்கரைகளுக்கு எண்தான் அடையாளம். ஜெட்டி 1, கடைத்தெரு 3, பெரும்பாலான ரிசார்ட்டுகள் 3-க்கும் 5-க்கும் நடுவில், ராதாநகர் கடற்கரை 7. மூன்றாம் எண் கடைத்தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் அறை எடுங்கள். கடலைப் பார்த்த அறைக்கு இரண்டு மடங்கு கேட்பார்கள், ஆனால் பகல் முழுக்க நீங்கள் அறையில் இருக்கப் போவதில்லை. கடைத்தெருவில் சாப்பாடும் மலிவு. இந்தத் தீவில் குடியேறியவர்கள் பெரும்பாலும் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்கள், அதனால் சோறும் மீன் குழம்பும் நன்றாக இருக்கும். ரிசார்ட்டுக்குள் இருவர் ஒரு வேளை சாப்பிடும் பணத்தில் வெளியே ஒரு நாள் சாப்பிட்டுவிடலாம். இட்லி, தோசை வேண்டுமென்றால் போர்ட் பிளேரில் கிடைக்கும், அங்கே தமிழ் பேசியே சமாளிக்கலாம்.

ஒன்றை மனதில் வையுங்கள். அங்கே சூரியன் ஈரோட்டைவிட ஒரு மணி நேரம் முன்னதாக உதித்து, ஒரு மணி நேரம் முன்னதாக மறையும். நமக்கும் அவர்களுக்கும் கடிகாரம் ஒன்று, ஆனால் தீர்க்கரேகையில் 15 பாகை கிழக்கே இருக்கிறது. பிப்ரவரியில் மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். ஜெட்டியிலிருந்து ராதாநகர் சுமார் 12 கிலோமீட்டர். ஐந்து மணிக்கு மேல் அறையிலிருந்து கிளம்பி, இருட்டில் போய் நிற்பவர்கள் ஏராளம். மதியம் மூன்றுக்குள் அங்கே இருங்கள், வெளிச்சம் இருக்கும்போதே திரும்புங்கள். காட்டுச் சாலையில் வளைவுகள் அதிகம். இருவருக்கும் ஹெல்மெட், ஓட்டுநர் உரிமம் கட்டாயம். ஸ்கூட்டரை எடுக்கும்போது நான்கு பக்கமும் கீறல்களையும் பெட்ரோல் முள்ளையும் வீடியோ எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் டேங்க் காலியாகத்தான் தருவார்கள்.

ராதாநகரில் அலை உண்டு, இழுப்பும் உண்டு. நீச்சல் தெரியாத இருவரும் இடுப்புக்கு மேல் போகாதீர்கள், உயிர்காப்பாளர் கண்ணில் படும் இடத்திலேயே இருங்கள். 2010-ல் அந்தக் கடற்கரையை அடுத்த பாறைப் பகுதியில் ஒரு பயணியை உவர்நீர் முதலை கொன்றிருக்கிறது. முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் ஓடை முகத்திலும், வலை கட்டிய எல்லைக்கு வெளியிலும் இறங்கவே கூடாது. கூட்டம் இல்லாத இடம் என்று படமெடுக்க ஒதுங்குவதுதான் ஆபத்து.

ஸ்கூபா பற்றி நேராகச் சொல்கிறேன். முதல்முறை இறங்குபவர்களுக்கான டைவுக்கு நீச்சல் தெரிய வேண்டியதில்லை, பயிற்றுநர் பிடித்துக்கொண்டே வருவார். ஆளுக்கு 3,500 முதல் 4,500 வரை ஆகும். மேலே சொன்ன கணக்கில் இருவருக்கும் அது அடங்காது. அதற்குப் பதில் ஹேவ்லாக்கிலேயே இருக்கும் எலிஃபண்ட் பீச்சுக்குப் படகில் போய் ஸ்நார்க்கலிங் (முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி நீர்மட்டத்தில் மிதந்தபடி கீழே பார்ப்பது) செய்தால் இருவருக்கும் சேர்த்து 2,000 அளவில் முடியும், ஆழம் இல்லாத இடத்திலேயே பவளம் தெரியும். ஸ்கூபாதான் வேண்டும் என்றால் நீலை விட்டுவிடுங்கள். அந்த இரண்டு இரவையும் ஹேவ்லாக்கிலேயே கழித்தால் ஒரு கப்பல் பயணமும் ஒரு இடமாற்றமும் மிச்சம். எலிஃபண்ட் பீச் படகையும் விட்டு, அரசுக் கப்பலும் கிடைத்தால் கணக்கு நேராகும். அவசரத்துக்கான பணம் அப்போது கையில் இருக்காது, கார்டில் இருக்க வேண்டும். சளி, ஆஸ்துமா, காது அல்லது இதயப் பிரச்சினை, கர்ப்பம் இருந்தால் டைவ் வேண்டாம். டைவ் முடிந்து ஒரு முறை என்றால் 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. இந்தத் திட்டத்தில் அந்த இடைவெளி தாராளமாகவே இருக்கிறது.

எதைச் செய்தாலும் முகமூடி சரியாகப் பொருந்த வேண்டும், பாதிப் பேர் பயந்து மேலே வருவது அதற்குள் தண்ணீர் புகுவதால்தான். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கையை எடுத்தாலும் கண்ணாடி விழாமல் ஒட்டி நின்றால் அளவு சரி. ரப்பருக்குள் ஒரு முடிக்கற்றை சிக்கினாலும் கசியும், மனைவியின் நெற்றி முடியை நன்றாக ஒதுக்கிவிடுங்கள். உங்களுக்கு மீசை இருந்தால் மூக்குக்குக் கீழே ரப்பர் உட்காரும் இடத்தில் மெல்லிய கோடு அளவுக்கு மழிக்க வேண்டும், மனம் வரவில்லையென்றால் அங்கே கொஞ்சம் வாசலைன் தடவுங்கள். கண்ணாடி உள்பக்கம் பனிபோல் மங்காமல் இருக்க ஒரு சொட்டு பேபி ஷாம்பூ தேய்த்து அலசினால் போதும். பவளத்தின் மேல் காலை ஊன்றாதீர்கள், அது உயிருள்ளது, உங்கள் காலையும் கிழிக்கும்.

நீல் சிறிய தீவு, சைக்கிளிலேயே சுற்றலாம். அங்கே நாளைத் தீர்மானிப்பது கடலின் ஏற்றமும் வற்றமும்தான். லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரையில் இருக்கும் இயற்கைக் கல்பாலத்துக்குக் கடல் வற்றியிருக்கும்போதுதான் நடந்து போக முடியும். ஜெட்டி பக்கத்தில் இருக்கும் பரத்பூரில் அதே நேரத்தில் குளிக்க முடியாது, இறந்த பவளம் கத்தி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு வற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். காலை ஆறரைக்கு வற்றம் என்றால் பன்னிரண்டே முக்கால் வாக்கில் ஏற்றம். மறுநாள் அதே வற்றம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளி, ஏழு இருபதுக்கு வரும். போனவுடன் அறைக்காரரிடம் இன்று வற்றம் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். வற்றத்தில் பாலம், ஏற்றத்தில் பரத்பூர் என்று தானாகவே அமைந்துவிடும். பாறையில் பாசி வழுக்கும், பின்பட்டை உள்ள செருப்பு வேண்டும். விடியலிலும் அந்தியிலும் மணல் ஈ கடிக்கும், காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போங்கள்.

பணத்தைப் போர்ட் பிளேரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், பத்தாயிரமாவது ரொக்கமாக இருக்கட்டும். 2020-ல் சென்னையிலிருந்து போட்ட கடலடி இணையக் கேபிள் ஹேவ்லாக் வரை வந்திருக்கிறது, அதனால் அங்கே யூபிஐ பெரும்பாலும் ஓடும். நீலில் நெட்வொர்க்கை நம்பிக் கடையில் சாப்பிட்டுவிட்டு முழிக்க வேண்டாம். விமான டிக்கெட், கப்பல் டிக்கெட், அறை முன்பதிவு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இருவர் போனிலும் வைத்திருங்கள். கரையில் கிடக்கும் சங்கையும் பவளத் துண்டையும் ஞாபகத்துக்கு என்று பையில் போடாதீர்கள். அது குற்றம், விமான நிலையப் பரிசோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். முதலில் விமானம். அது உறுதியான அன்றே ஹேவ்லாக்கிலிருந்து நீலுக்கான தனியார் கப்பல். அந்தத் தேதி கையில் வந்த பிறகுதான் அறைகள், அதுவும் கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடியவையாக இருக்க வேண்டும். கடைசியாக அரசுக் கப்பல். ஸ்கூட்டர், சைக்கிள், ஸ்நார்க்கலிங், ராஸ் படகு எதற்கும் இங்கிருந்து முன்பணம் கட்ட வேண்டாம், எல்லாம் அங்கே போய்க் கேட்டு, பேரம் பேசி எடுத்துக்கொள்ளலாம்.